கிளினிக் அட்டையும் கரண்டு அட்டையும்

எனக்கு இந்தப் பங்குனியோடு எழுபத்திரண்டு. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. கூடுதல் இரண்டும் என் தங்கச்சி விட்டுப்போன பிள்ளைகள். ஏழு பேரும் இன்றைக்கு அவரவர் காலில் நிற்கிறார்கள். யாரிடமும் கை நீட்டாமல் வளர்த்தேன் என்று இந்தப் பக்கத்தில் எத்தனை வாரம் எழுதியிருப்பேன்? வாசிக்கிற உங்களுக்கே சலித்திருக்கும்.

இந்த வாரம் பெருமை இல்லை. வேறு விஷயம்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் கட்டடத்துக்குக் கீழே இருக்கிற பக்காலாவுக்குக் குப்பூஸ் ரொட்டி வாங்கப் போனேன். இந்த அரபு நாட்டில், மங்காஃப் பகுதியில் எங்கள் தெருவில் ஆறு கட்டடத்துக்கும் அந்த ஒரு மளிகைக் கடைதான். தயிர் வைக்கிற ஃபிரிட்ஜ் பக்கத்தில் ஓர் அம்மா நின்று இருமிக்கொண்டிருந்தார். நாலாவது மாடிக்குப் புதிதாக வந்தவர். சேலத்துப் பக்கம். மகன் விசா எடுத்துக் கூட்டி வந்து ஒரு மாதம்தான் ஆகிறது.

இருமல் சாதாரண இருமல் இல்லை. அடி வயிற்றிலிருந்து வந்தது.

"கிளினிக் போகலையாம்மா?" என்றேன்.

"போலாங்க்கா. ஆனா போன வாரம்தான் ஒருக்கா போனேன். அட்டையில ரொம்பப் பதிய உடக்கூடாதாமுங்க. பதியப் பதிய அடுத்த வருசம் இன்சூரன்சு கூட்டிப் போட்ருவாங்களாம். பையனுக்குத்தானே சிரமம்? அதான் மாசம் ஒருக்கா போதும்னு இருக்கேன்."

"யார் சொன்னது?"

"இங்க எல்லாருமே சொல்றாங்களே. நம்மூரு கரண்டு அட்டை மாதிரியேதானாமுங்க."

கரண்டு அட்டை மாதிரி!

எனக்குக் கையில் இருந்த குப்பூஸ் பாக்கெட் நழுவிவிட்டது. அந்த அம்மா குனிந்து எடுத்துக் கொடுத்தார். "அதெல்லாம் சுத்தப் பொய். நாளைக்கே போங்க. பத்துத் தடவை வேணும்னாலும் போங்க. அப்படிச் சொன்னவ ஒரு கூறுகெட்டவ" என்றேன்.

"அட, யாருங்க்கா அது?"

"எனக்குத் தெரிஞ்சவதான்" என்று சொல்லிவிட்டு, மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் லிஃப்டுக்கு வந்துவிட்டேன்.

அந்தக் கூறுகெட்டவள் நான்தான். கரண்டு அட்டை உவமானம் என்னுடையது. மூன்று வருடத்துக்கு முன் ஒரே ஒருத்தியிடம் சொன்னது. அது என் முதுகுக்குப் பின்னால் மாடி மாடியாக ஏறி இறங்கி, இப்போது சேலத்து அம்மா வாயிலிருந்து என்னிடமே திரும்பி வந்து நிற்கிறது.

எழுதாமல் எப்படி இருக்க?

இந்த ஊருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு முதலில் விவரம். இங்கே வேலை பார்க்கிற பிள்ளைகள் அப்பா அம்மாவைக் கூட்டி வந்து வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் பாஸ்போர்ட்டில் அக்காமா அடிக்க வேண்டும். அதாவது, தங்குவதற்கான முத்திரை. அதைப் புதுப்பிக்கும்போதெல்லாம் அரசாங்க ஹெல்த் இன்சூரன்சும் சேர்த்துக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் முத்திரை இல்லை. கட்டினால் அரசாங்க கிளினிக்கில் பார்க்கலாம். தேவைப்பட்டால் அவர்களே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள். இந்த இன்சூரன்ஸ் சட்டம் வந்து சில வருடம்தான் ஆகிறது. அதனால் ஆளாளுக்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார்கள்.

எங்கள் கட்டடத்தில் விளக்கம் சொல்லுகிற ஆள் நான்.

ஏன் நான்? சொல்கிறேன். எனக்குப் பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. தமிழ் எழுத்துக் கூட்டி வாசிப்பேன், எழுதுவேன். இங்கிலீஷ் கிடையாது. ஆனால் இங்கே வந்த ஆறே மாதத்தில் அரபி எண்களைக் கற்றுக்கொண்டேன். யாரும் சொல்லித்தரவில்லை. கார் நம்பர் பிளேட்டில் அரபி எண்ணும் நம் எண்ணும் சேர்ந்தே இருக்கும் இல்லையா? பால்கனியில் உட்கார்ந்து அதையும் இதையும் பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்டேன். முட்டை அட்டையில் தேதி, தண்ணீர் பில், ரசீது… எது வந்தாலும் தொகையைச் சொல்லிவிடுவேன். மகனை ஒத்த வயதுப் பிள்ளைகள்கூட, "பெரியம்மாகிட்ட காட்டு" என்பார்கள்.

தலைகால் புரியுமா அப்புறம்?

தொகையை வாசிப்பது வேறு, அது ஏன் அந்தத் தொகை என்று தெரிவது வேறு. அந்த வித்தியாசம் எனக்கு அப்போது தெரியாது.

இரண்டாவது மாடியில் சண்முகத்தாய் இருந்தாள். கோவில்பட்டிப் பக்கம். என்னைவிட எட்டு வயது இளையவள். மகன் முருகேசன் எண்ணெய்க் கம்பெனிக் கான்ட்ராக்டில் சூப்பர்வைசர். மருமகள் பள்ளிக்கூடத்தில் வேலை. பகலெல்லாம் அவளும் நானும்தான். அவளுக்குச் சர்க்கரை. மாத்திரையை ஊரிலிருந்து லீவு முடிந்து வருகிற ஆட்களிடம் மொத்தமாகக் கொடுத்துவிடச் சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் மதியம் சேலை மடியில் எதையோ ஒளித்துக்கொண்டு வந்தாள். முகம் சரியில்லை.

"யக்கா, கதவைச் சாத்துங்க."

"வீட்ல யாருமே இல்ல. சொல்லுத்தா."

மடியிலிருந்து இரண்டு ரசீதை எடுத்தாள். ஒன்று போன தடவை அக்காமாவுக்கும் இன்சூரன்சுக்கும் கட்டியது. இன்னொன்று இந்தத் தடவை கட்டியது. "நேத்து ராத்திரி சாப்பிடும்போது முருகேசன் அவன் பொண்டாட்டிட்ட 'ஏ யப்பா, இந்தத் தடவை அம்மாவுக்கு டபுளாப் போச்சு'ன்னு சொல்லுதான்க்கா. எனக்குச் சோறு எறங்கல. நெசமாவே டபுளா, இல்ல பேச்சுக்குச் சொல்லுதானா? பாத்துச் சொல்லுங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கிட்டத்தட்ட இரட்டிப்புத்தான். என் எண் படிப்பு தப்பவில்லை.

"ஆமாத்தா. கூடித்தான் இருக்கு."

"ஏன்க்கா?"

இந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'தெரியலத்தா, உன் மகன்கிட்டயே கேளு.' அவ்வளவுதான். எட்டுச் சொல்கூட இல்லை. ஆனால் 'தெரியல' என்று சொல்லிப் பழக்கம் இருந்தால்தானே?

"போன வருஷம் கிளினிக்குக்கு எத்தனை தடவை போன?" என்று கேட்டேன்.

விரல் விட்டு எண்ணினாள். "இருபது, இருபத்தஞ்சு இருக்கும்க்கா. சளி, காய்ச்ச, சர்க்கரை டெஸ்ட்டு…"

"அட்டையில எழுதுனாங்களா?"

"ஒவ்வொரு தடவையும் தேதி போட்டாகளே."

"அதான்!" என்றேன்.

நம் ஊர் ஆட்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வீட்டு மீட்டர் பக்கத்தில் வெள்ளை அட்டை மாட்டியிருக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறவர் வந்து எழுதிவிட்டுப் போவார். இத்தனை யூனிட் வரைக்கும் ஒரு ரேட். அதைத் தாண்டிவிட்டால் ரேட்டே மாறிவிடும். மதுரையில் எங்கள் வீட்டில் நான் அந்தக் கோட்டைத் தாண்டவிட்டதே கிடையாது. ரீடிங் எடுக்க ஆள் வருகிற வாரம் ஃபேனை நிறுத்திவிட்டு விசிறியை எடுத்துவிடுவேன். ஏழு பிள்ளைகளும் வேர்த்து வழிந்துகொண்டு படிக்கும்.

கிளினிக்கிலும் அட்டை. அதிலும் ஆள் எழுதுகிறார். அதிலும் வருடம் முடிந்தால் ரேட் மாறுகிறது. எனக்கு வேறென்ன தோன்றும்?

"இது நம்ம கரண்டு அட்டை மாதிரித்தா. எழுத எழுத யூனிட் ஏறும். கோட்டைத் தாண்டுனா ரேட் மாறிரும். வயசானவங்களுக்குச் சீக்கிரம் தாண்டிரும், நாமதானே அடிக்கடி போறோம்? மாசத்துக்கு ஒரு தடவைக்கு மேல போகாத. அடுத்த வருஷம் பாரு, தன்னால இறங்கும்" என்றேன்.

சண்முகத்தாய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லவேளை, ஒங்ககிட்ட வந்தேன். இல்லாட்டா எம்புள்ளையை மொட்டை அடிச்சிருப்பேன்."

அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அதற்குப் பின் நாங்கள் இரண்டு பேரும் போட்டி போட்டோம். நான் முட்டி வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு மூன்று மாதம் போகாமல் இருந்தேன். "நான் இந்த மாசம் போகவே இல்லக்கா" என்று அவள் வந்து சொல்வாள், ஏதோ விரதம் இருந்து முடித்தவள் மாதிரி. சும்மா கிடக்கிற அட்டையைப் பார்த்து இரண்டு கிழவிகள் சந்தோஷப்பட்டோம். பிள்ளைக்குச் செலவு வைக்கவில்லை… அதைவிட ஒரு தாய்க்கு இந்த ஊரில் வேறென்ன மரியாதை இருக்கிறது? வேலைக்குப் போக முடியாது. பாஷை தெரியாது. தனியாக ரோட்டைத் தாண்ட முடியாது. செலவு வைக்காமல் இருப்பது ஒன்றுதான் எங்கள் சம்பாத்தியம்.

அப்படித்தான் நினைத்தோம்.

குளிர் காலம் வந்தது. சாயங்காலம் கடற்கரை ஓரமாக நடப்போம். முருகேசன் அம்மாவுக்கு மூடின ஷூ வாங்கிக் கொடுத்திருந்தான். அது சுண்டுவிரல் பக்கம் கடித்துவிட்டது. சின்னக் கொப்புளம். மிளகு அளவு.

"வலிக்குதாத்தா?"

"வலியே இல்லக்கா. சுத்தமா இல்ல."

வலி இல்லையென்றால் நல்லது என்றுதானே நினைப்போம்? சர்க்கரைக்காரர்களுக்குக் காலில் வலி தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து என்று எங்களுக்கு யார் சொன்னது? சொல்லியிருப்பார்கள். கிளினிக்குக்கு ஒழுங்காகப் போயிருந்தால் அங்கே சொல்லியிருப்பார்கள்.

நாலைந்து நாளில் கொப்புளம் உடைந்து புண்ணாகிவிட்டது. என்னிடம் வந்து காலை நீட்டிக் காட்டினாள். ஓரம் கொஞ்சம் கறுத்திருந்தது.

"யக்கா, கிளினிக்குக்குப் போவமா? உமாகிட்ட சொன்னா கூட்டிட்டுப் போவா."

உமா அவள் மருமகள்.

நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன். அந்த மாதம் ஆரம்பத்தில் காய்ச்சலுக்கு ஒரு தடவை போய்விட்டு வந்திருந்தாள். "இந்த மாசத்துக்குத்தான் போயிட்டு வந்துட்டியே. இன்னும் பதினோரு நாள்தானே? ஒண்ணாந்தேதி போ. அதுவரைக்கும் மஞ்சளை வச்சுக் கட்டு" என்றேன்.

பதினோரு நாள். நான் எண்ணித்தான் சொன்னேன்.

வீட்டில் காட்டினால் உடனே காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு போய்விடுவார்கள் என்று சாக்ஸ் போட்டு மறைத்துக்கொண்டாள். "குளுருதுல்லா" என்று மருமகளிடம் சொன்னாள். மாத்திரையும் தீர்ந்திருந்தது. ஊரிலிருந்து வரவேண்டிய ஆள் லீவை நீட்டித்துவிட்டான். கிளினிக்கில் கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் கேட்கப் போனால் தேதி விழுமே?

ஒன்பதாவது நாள் காலையில் குளிர்காய்ச்சலில் உளறினாள். உமா சாக்ஸைக் கழற்றிப் பார்த்துவிட்டுப் போட்ட சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்டது.

ஆஸ்பத்திரியில் மூன்று விரலையும் அதை ஒட்டிக் கொஞ்சம் பாதத்தையும் எடுத்துவிட்டார்கள். காலையே எடுக்க வேண்டியிருக்கும் என்றுதான் முதலில் சொன்னார்கள். அந்த இரண்டு நாள் நான் சாமியிடம் பேசிய பேச்சு எனக்கும் சாமிக்கும்தான் தெரியும்.

மூன்றாம் நாள் அவள் பக்கத்தில் துணைக்கு உட்கார்ந்திருந்தேன். கேரளத்து நர்ஸ் பெண் ஒன்று கட்டுப் பிரித்துக் கட்டியது. சிரித்த முகம். இரண்டு பாஷையையும் கலந்து பேசும்.

"எந்தா அம்மே, பத்து நாள் முன்னே வந்தா டிரஸ்ஸிங் மட்டும் போதுமாயிருந்நு. ஏன் வீட்டில இருந்நது?"

சண்முகத்தாய் கண்ணை மூடிக்கொண்டாள். நான்தான் மெதுவாகக் கேட்டேன். "இத்தனை நாள் இங்க கிடந்தா, இவ்வளவும் பதிஞ்சா… அடுத்த வருஷம் இன்சூரன்ஸ் எவ்வளவும்மா கூடும்?"

நர்ஸுக்குப் புரியவில்லை. திரும்பச் சொன்னேன். புரிந்ததும் சிரித்துவிட்டது. "ஒண்ணும் கூடில்ல அம்மே! நூறு தடவை வந்நாலும் அதே காசுதான். கார்டுல எழுதறது டாக்டர் பார்க்கறதுக்கு. யாரு பறஞ்ஞது இதெல்லாம்?"

யார் சொன்னதா?

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். படுக்கையிலிருந்து சண்முகத்தாய் குரல் வந்தது. "எனக்கே அப்பிடித் தோணிச்சும்மா. யாரும் சொல்லல."

என் முகத்தைக்கூட அவள் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் வார்டுக்கு வெளியே பெஞ்சில் முருகேசன் உட்கார்ந்திருந்தான். நாற்பது வயது ஆள், டியூட்டி யூனிஃபார்மோடு, முழங்கையை முட்டியில் ஊன்றிக்கொண்டு. என்னைப் பார்த்ததும் எழுந்தான்.

"பெரியம்மா, நான்தான் எங்கம்மா காலை வெட்டிட்டேன்."

"ஏம்ப்பா அப்படிச் சொல்ற?"

"அன்னைக்குச் சாப்பிடும்போது 'டபுளாப் போச்சு'ன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். அம்மா காதுல விழுந்திருக்கு. அதை நெனச்சுத்தான் ஆஸ்பத்திரிக்கே போகாம இருந்திருக்காக. ஒரு வார்த்தை பெரியம்மா… ஒரே ஒரு வார்த்தை."

சுற்றி வளைத்து, "ஏம்ப்பா, அந்தத் தடவை ஏன் கூடுச்சு?" என்று கேட்டேன்.

"கூடவே இல்ல பெரியம்மா! முந்தின தடவை அம்மா பாஸ்போர்ட் முடியப்போகுதுன்னு அதுவரைக்கும் இருந்த கொஞ்ச மாசத்துக்குத்தான் அடிச்சாங்க. அப்புறம் புதுப் பாஸ்போர்ட் வந்துச்சு, முழு வருஷத்துக்குக் கட்டுனேன். கம்பெனில இருந்து ஓடியாடிச் செஞ்ச ஆளுக்கும் கையில குடுத்தேன். எல்லாம் சேத்துப் பாக்கும்போது டபுள் மாதிரி தெரிஞ்சுது. அந்த எரிச்சல்ல சொன்னது. ரேட்டு அதே ரேட்டுத்தான்."

அந்த இரண்டு ரசீதிலும் தேதி இருந்தது. எதிலிருந்து எதுவரைக்கும் என்று அரபி எண்ணிலேயே இருந்தது. எனக்குத் தெரிந்த எண்தான். நான் பார்க்கவில்லை. தொகையைப் பார்த்தேன், கண்ணாடியைக் கழற்றினேன், தீர்ப்புச் சொன்னேன்.

அந்தப் பெஞ்சில் வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். 'நீ இல்லப்பா. உங்கம்மா என்கிட்டத்தான் கேட்டா. நான்தான் போகாதேன்னேன். ஒண்ணாந்தேதி வரைக்கும் பொறுன்னதும் நான்தான்.' வாய் வரைக்கும் வந்தது. அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேளை, அம்மாவுக்கு நீங்க இருக்கீக" என்றான்.

அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது?

சொல்லியிருக்கலாம். மானம் தடுத்தது. வேறு காரணம் சொன்னால் அது இன்னொரு பொய்.

இரண்டு மாதத்தில் சண்முகத்தாயை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். லிஃப்ட் அடிக்கடி நின்றுபோகிற கட்டடம். மாடி ஏறி இறங்க அவளால் முடியவில்லை. கோவில்பட்டியில் மகள் வீடு தரைத்தளம். பேரப்பிள்ளைகள் இங்கே, அவள் அங்கே. சின்னது அவள் மடியில் படுத்துத்தான் தூங்கும். ஏர்போர்ட்டுக்குக் கிளம்புகிற அன்று வீல்சேரில் உட்கார்ந்துகொண்டு, "யக்கா, தைலம் தேச்சது போதும். முட்டியைப் போய்க் காட்டுங்க" என்றாள். மறுநாள் போய்க் காட்டினேன். அட்டையில் தேதி போட்டார்கள். போடட்டும்.

இது நடந்து மூன்று வருடம். இந்த மூன்று வருடமும் முருகேசன் என்னை மாடிப்படியில் பார்த்தால் நின்று பேசிவிட்டுத்தான் போவான். ஊருக்குப் போய் வந்தால் கடலைமிட்டாய் கொண்டுவந்து தருவான். வாங்கிக்கொள்வேன். பேத்தி கயல்தான் தின்னும்.

செவ்வாய்க்கிழமை அந்தச் சேலத்து அம்மாவிடமிருந்து தப்பி வந்ததும் நான் செய்த முதல் காரியம், ஃபோன் கார்டைச் சுரண்டிக் கோவில்பட்டிக்குப் போட்டது.

"யாரு… மருதக்காவா? நல்லா இருக்கீகளா?"

"நல்லா இல்லத்தா" என்றேன். கடையில் நடந்ததைச் சொன்னேன். மறுமுனையில் சிரித்தாள். சிரிக்கிறாள்!

"பாத்தீகளா, எவ்வளவு தூரம் போயிருக்குன்னு. ஒங்க பேச்சுக்குக் காலு உண்டு. எனக்குத்தான் இல்ல."

"ஏன்த்தா இப்படிக் குத்துற."

"குத்தாம? மூணு விரலுக்கு ஒரு குத்துகூட இல்லாட்டா எப்பிடி?"

"பேப்பர்ல எழுதலாம்னு இருக்கேன். உன் பேரை மாத்திப் போட்டுர்றேன்."

"அதென்னத்துக்கு மாத்தணும்? நான் என்ன களவா எடுத்தேன்? எம்பேரைப் போடுங்க. மங்காஃப்ல நாலு பேரு என்னைய நெனைக்கட்டும். ஆனா யக்கா, எழுதுததுக்கு முன்னாடி முருகேசன்ட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க. வாராவாரம் வெள்ளிக்கெழம போன் போட்டு, 'காலு எப்பிடி இருக்கு, என்னைய மன்னிச்சிருவியா'ன்னு கேக்கான். எனக்குக் கேட்டுக் கேட்டுச் சலிச்சுப் போச்சு. நான் சொன்னா நம்ப மாட்டேங்கான். அவனைச் சமாதானப்படுத்தச் சொல்லுதேன்னு நெனைக்கான்."

"இத்தனை வருஷம் நீயாவது சொல்லியிருக்கலாம்ல, நான்தான்னு."

"சொன்னா வெரலு மொளைக்குமா? அவனுக்கு அங்க பெரியம்மான்னு கூப்புட ஒரு ஆளு இருக்கட்டும்னுதான்."

கார்டு தீர்ந்துவிட்டது.

என் வயது ஆட்களுக்கு, என்னைப் போல் அரைகுறையாக வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு, ஒன்று சொல்கிறேன். போன வருடத்துக்கு இந்த வருடம் கூடியிருக்கிறது என்று காதில் விழுந்தால் உடனே உங்கள் மேல் பழியைப் போட்டுக்கொள்ளாதீர்கள். பிள்ளையைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இது எத்தனை மாதத்துக்கு, இதில் முத்திரைக்கு எவ்வளவு, இன்சூரன்சுக்கு எவ்வளவு, நடுவில் ஓடிய ஆளுக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். பிள்ளை சலித்துக்கொள்ளும். கொள்ளட்டும். நாம் அவர்களுக்குக் கூட்டல் கழித்தல் சொல்லிக் கொடுத்தபோது எத்தனை தடவை திரும்பத் திரும்பச் சொன்னோம்? அரசாங்கம் கூட்டினால் எல்லாருக்கும் சேர்த்துத்தான் கூட்டும். நீங்கள் இருமியதற்காகக் கூட்டாது. தனியாகக் கம்பெனி இன்சூரன்ஸ் எடுத்திருந்தால் அங்கே வேறு சட்டம் இருக்கலாம். அது எனக்குத் தெரியாது. தெரியாது என்று எழுத எவ்வளவு சுகமாக இருக்கிறது! முன்பே பழகியிருக்கலாம்.

அப்புறம், கட்டிய பணம் கட்டியதுதான். போகாமல் வீட்டில் கிடந்தால் யாரும் திருப்பித் தரப் போவதில்லை. செலவு வைக்காத தாய் என்று பேர் வாங்க நினைத்தோம். கடைசியில் சண்முகத்தாய் தன் மகனுக்கு வைத்த செலவை எந்தக் கவுண்டரில் கட்டுவது?

முருகேசனுக்கு இன்றைக்கு டியூட்டி நாலு மணிக்கு முடிகிறது. பேப்பர் வெள்ளிக்கிழமைதான் வரும். அதற்கு முன்னால் நானே இரண்டாவது மாடிக்கு இறங்கிப் போக வேண்டும். பேப்பரை அவன் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது சுலபம். மூன்று வருடம் சுலபமாகத்தான் இருந்தேன். நேரில் சொன்னால் அவன் என்ன சொல்வான்? திட்டலாம். கதவைச் சாத்தலாம். பெரியம்மா என்று கூப்பிடுவதை நிறுத்தலாம். அது அவன் இஷ்டம். அவன் தலையில் இருக்கிறது என்னுடைய சுமை. அதை இறக்கி எடுத்துக்கொள்ளத்தான் போகிறேன்.

கயல், இங்கிட்டு வாடி. அந்தக் கம்ப்யூட்டரை அப்புறம் பாக்கலாம். வெள்ளிக்கிழமை கிளாஸ்ல தமிழ் படிக்கிறேல்ல? இந்த நோட்டை முதல்ல இருந்து சத்தமா வாசி. அப்பத்தா எதையாச்சும் பூசி மெழுகியிருந்தா அங்கேயே நிறுத்து… நாலு மணிக்கு முன்னாடி திருத்தணும்.